முதுகில் பிளாஸ்திரி

ஐந்து பேர் உள்ளரங்கில் ஆடும் கால்பந்துக்கு ஃபுட்சால் என்று பெயர். அதை ஆடுகிறவன் என்ன உடுத்த வேண்டும், எதை உடுத்தக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த அறிவால் எனக்கோ நாட்டுக்கோ இதுவரை ஒரு பயனும் விளையவில்லை. கல்லூரியில் உருப்போட்ட காவியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. ‘முன்னங்கால் காப்பு காலுறைக்குள் முழுமையாக மறைந்திருக்க வேண்டும்’ என்ற வரி மட்டும் போக மாட்டேன் என்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பத்திரிகைகளில் வரும் முழுப்பக்கம் என்னுடையது. எங்கே தொடங்கினாலும் ‘குடும்பத்தோடு வருக’ என்று கொண்டுபோய் முடிப்பேன். கூட்ட நாட்களில் குழந்தை தொலைந்தால் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் என் வேலை. தொலைந்த குழந்தையின் சட்டை நிறத்தை நான் வர்ணிக்கும் அழகில் வாடிக்கையாளர்கள் அதே நிறத்தில் துணி கேட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான். இலக்கியத்தில் முதுகலை படித்த பிள்ளை இப்படி ஆனதை மயிலாப்பூரில் எங்கள் வீட்டார் ‘டெக்ஸ்டைல்ஸ் லைனில் இருக்கான்’ என்று சொல்லிச் சமாளித்தார்கள். கேட்டவர்கள் நான் மில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு பெண் கொடுக்கக்கூட வந்தார்கள்.

கடையில் ஒரு சட்டம். விற்பனையாளர்கள் உட்காரக் கூடாது. காலையில் வெள்ளை விரிப்பின் மேல் வெறுங்காலோடு ஏறி நின்றால் இரவு ஷட்டர் இறங்கும் வரை நிற்க வேண்டும். ஆள் இல்லாத மத்தியானத்திலும் நிற்க வேண்டும். சுவரில் சாயக் கூடாது, சாய்ந்தால் சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும். இதற்கு முதலாளி சொன்ன காரணத்தை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

“உக்காந்துக்கிட்டு சேலை காட்டுனா யாரு முதலாளின்னு கஸ்டமருக்குக் குழம்பிரும்லா. கடையில ஒருத்தன்தான் உக்காரணும்.”

அந்த ஒருத்தர் அவர். கல்லாவுக்குப் பின்னால், ஊதுவத்திப் புகைக்கு நடுவே. தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து, இந்தத் தெருவில் தலையில் துணி மூட்டை சுமந்து விற்று, நாலு மாடி கட்டியவர். அவர் அந்தக் காலத்தில் நின்ற நேரத்தை எல்லாம் இப்போது மற்றவர்களை நிற்க வைத்துக் கழித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும். எனக்கும் ஒரு நாற்காலி இருந்தது. ஆனால் அது நாலாவது மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், மின்விசிறி இல்லாத அறையில் இருந்தது. எந்த வாடிக்கையாளர் கண்ணிலும் படாதவன் உட்காரலாம் என்பது சட்டத்தின் உட்பிரிவு.

மூன்றாவது மாடி பட்டுக்கு. அங்கே நின்றவர்களில் ஒருவர்தான் பின்னால் எங்கள் கோல்கீப்பர் ஆனவர். முப்பத்தைந்து வயது இருக்கும். கடையில் மற்ற பையன்கள் எல்லாம் முதலாளியின் ஊர்ப்பக்கத்தவர்கள், கடையின் மெஸ்ஸில் சாப்பிட்டுக் கடை பிடித்துக்கொடுத்த வீட்டில் படுப்பவர்கள். இவர் மட்டும் கடலோரத்து ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார். புடவையை அவர் உதறி விரிப்பதைப் பார்த்து, வலை வீசிப் பழகிய கை என்று ஒரு விளம்பரத்தில் எழுதினேன். படித்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

“நான் வலையே போட்டதில்ல சார். கட்டுமரத்துல ஏறுனா வாந்தி வரும். அதுக்குத்தான் இங்க வந்து சேலை போட்டுக்கினு கீறேன்.”

கடல் ஒத்துக்கொள்ளாததால் சின்ன வயதெல்லாம் மணலில் பந்தாடியவர். அந்தக் கால்தான் இப்போது அவருக்குப் பகையாகி இருந்தது. கால்சட்டையைக் கொஞ்சம் சுருட்டிக் காட்டினார். பின்னங்காலில் நரம்புகள் நீலமும் பச்சையுமாகச் சுருண்டு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தன.

“நின்னு நின்னு நரம்பு சுருட்டிக்கிச்சு. நடுநடுவுல உக்காருன்றாரு டாக்டரு. எங்க உக்கார, சொல்லு சார். இப்டியே வுட்டா புண்ணாப்பூடுமாம். அப்பால நிக்கவே வேணாம், வூட்டுல படுத்துக்கலாம்.”

அவருக்கு வேண்டியிருந்தது ஒரு ஸ்டூல். ஆள் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார. இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். முதல் முறை முதலாளி சிரித்தார். இரண்டாம் முறை சிரிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அடையாறில் ஒரு கிளப்காரர்கள் தங்கள் பேட்மின்டன் கூடத்தில் கடைகளுக்கு இடையே ஃபுட்சால் போட்டி நடத்தப்போவதாகச் சுற்றறிக்கை விட்டார்கள். முதலாளிக்குக் கால்பந்தில் ஈடுபாடு இல்லை. ஆனால் எதிர்ச்சாரியில் இருந்த பாத்திரக்கடை ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டது. அது போதும். ஓர் இரவு ஷட்டரைப் பாதி இறக்கியதும் எல்லாரையும் கீழே கூப்பிட்டார்.

“எவனுக்கெல்லாம்லே பந்து ஆடத் தெரியும்?”

பயிற்சிக்குக் காலையில் கொஞ்சம் தாமதமாக வரலாம் என்று வதந்தி பரவியிருந்ததால் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். கணக்கெழுதும் பெரியவர்கூடத் தூக்கினார். பின்வரிசையிலிருந்து பட்டு மாடிக்காரர் கேட்டார்.

“கப் அடிச்சா இன்னா குடுப்பீங்க மொதலாளி?”

“என்னவே வேணும்?”

“ஸ்டூலு.”

முதலாளி எதிர்க்கடையின் விளக்குப் பலகையைப் பார்த்தார்.

“கப்பைக் கொண்டாங்க. மூணாவது மாடிக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு ஸ்டூல் போடுதேன். மாத்தி மாத்தி உக்காந்துக்கிடுங்க. எல்லாரும் சாட்சி.”

சாட்சிகளில் நானும் ஒருவன். ஆங்கிலம் படித்தவன் என்பதால் விதிகளின் ஜெராக்ஸ் கட்டு என்னிடம் வந்தது. சீருடை பற்றி மட்டும் பல பக்கம். கை வைத்த சட்டை வேண்டும். அரைக்கால்சட்டை, நீளக் காலுறை, அதற்குள் முன்னங்கால் காப்பு வேண்டும். தரையில் கறை விழாத ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் ஷூ வேண்டும். மோதிரம், சங்கிலி, தனக்கோ பிறர்க்கோ காயம் விளைவிக்கும் எதுவும் கூடாது. கோல்கீப்பர் சட்டை மற்றவர்கள் நிறத்தில் இருக்கக் கூடாது. முதுகில் எண் வேண்டும், அது ஒன்றிலிருந்து பதினைந்துக்குள், ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். கோல்கீப்பர் மட்டும் விரும்பினால் முழுக்கால்சட்டை போடலாம்.

கடைசி வரியைப் படித்துக் காட்டியபோது பட்டு மாடிக்காரர் திரும்பப் படிக்கச் சொன்னார்.

“யாரோ நம்ம காலைப் பாத்துட்டுத்தான் எழுதிக்கீறாங்க சார்” என்றார். அப்படித்தான் அவர் கோல்கீப்பர் ஆனார்.

சட்டைகளை முதலாளியே தைக்கக் கொடுத்தார். தைத்து வந்ததைப் பிரித்து, விதிகளின் ஜெராக்ஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே கிளிப்பச்சை, கோல்கீப்பருக்கும் சேர்த்து. எண்கள்: 5, 14, 23, 32, 41, 50, 59, 68, 77, 86.

முதலாளிக்குத் தேனாம்பேட்டையில் ஓர் எண் ஜோதிடர் இருந்தார். கடைத் திறப்பு, கார் எண், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அவரைக் கேட்டுத்தான். முதலாளியின் எண் ஐந்து. ஐந்துக்குப் புதன், புதனுக்குப் பச்சை. எதைக் கூட்டினாலும் ஐந்து வர வேண்டும். எட்டு மட்டும் ஆகவே ஆகாது. எட்டு என்று சொல்ல நேர்ந்தால் ‘ஏழுக்கு மேல’ என்பார். கடையில் எட்டு கெஜம் துணி கேட்டு வந்தவர்கள் ஒன்பதாக வாங்கிப் போயிருக்கிறார்கள்.

நான் விதியைச் சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

“ஒண்ணுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும்தான் இருக்கணும் முதலாளி.”

“பதினஞ்சைக் கூட்டும்வே.”

“ஆறு.”

“ஆறு நமக்கு எதுக்கு? அது அவனுவ நம்பர். சட்டை நம்ம சட்டை.”

நான் ஜெராக்ஸை மடித்துப் பைக்குள் வைத்தேன். கேன்வாஸ் ஷூவும் வாங்கிக் கொடுத்தார். முன்னங்கால் காப்புக்கு மட்டும் கையை விரித்துவிட்டார். “உள்ள கிடக்கத எவன் பாக்கப் போறான்?” வியாபாரிக்கு ஷோகேஸுக்கு வெளியே எதுவும் செலவு இல்லை. பையன்கள் பட்டுப்புடவைப் பெட்டியின் அட்டையை வெட்டிச் செருகிப் பார்த்தார்கள். ஓர் உதைக்கே கசங்கியது. கோல்கீப்பரின் மச்சான் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் இருந்தான். அவன் பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து, சூடுகாட்டி வளைத்து, ஓரத்தை அரத்தால் ராவிப் பத்து ஜோடி அனுப்பினான். போட்டு நடந்தால் வீட்டுக்கூரைத் தண்ணீர்க்குழாய் எழுந்து நடப்பது மாதிரி இருக்கும். ஆனால் உறுதி.

முதல் ஆட்டத்தன்று நடுவர் எங்களை வரிசையாக நிறுத்திச் சோதித்தார். மயிலாப்பூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியர். ஒல்லி, விபூதி, கறுப்பு அரைக்கால்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை. குழாய்க் காப்பைத் தட்டிப் பார்த்தார். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“பிளாஸ்டிக் தானே, இருக்கட்டும். இன்னும் சில டீம் ஒண்ணுமே இல்லாம வந்து நிக்கறா.”

பிறகு முதுகுப்பக்கம் போனார். ஒவ்வொரு எண்ணாகப் படித்துக்கொண்டே கடைசி ஆள் வரை போனார்.

“இது என்ன, பஸ் ரூட் நம்பரா?”

நான் ஐந்து, புதன், தேனாம்பேட்டை எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு முதலுதவிப் பெட்டியிலிருந்து வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“ஒரு இலக்கத்தை மறைச்சுடுங்கோ. மிச்சம் இருக்கறது ரூல்ல வரும். ஆனா ஒரே நம்பர் ரெண்டு பேருக்கு வரப்படாது.”

ஐந்தும் பதினாலும் ஏற்கெனவே சட்டத்துக்கு உட்பட்டவை. இருபத்துமூன்று மூன்றானது. முப்பத்திரண்டு இரண்டானது. ஐம்பத்தொன்பது ஒன்பது, எழுபத்தேழு ஏழு. அறுபத்தெட்டும் எண்பத்தாறும் வந்தபோது கை நின்றது. எப்படி ஒட்டினாலும் அந்த இருவரில் ஒருவன் எட்டாகியே தீர வேண்டும். எண்பத்தாறு போட்டவன் எங்களில் கெட்டிக்காரன், நன்றாக ஓடுகிறவன், புதிதாக வந்த சின்னப் பையன்.

“எனக்கே எட்டு ஒட்டுங்க சார். முதலாளியா வந்து பாக்கப் போறாவ” என்றான்.

ஐம்பதுக்கு வழியே இல்லை. ஐந்து ஏற்கெனவே ஒருவன் முதுகில் இருந்தது, பூஜ்யத்தை விதி ஒப்புக்கொள்ளாது. ஆகவே ஐம்பதுக்காரன் போட்டி முழுவதும் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில்தான். அவன் முகத்தில் நான் கண்ட அமைதியைப் பிறகு சில கோயில்களில்தான் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி. உட்காரு என்று அதிகாரமாக ஒருவர் சொல்வதை இந்தப் பையன்கள் சென்னைக்கு வந்த பிறகு முதல் முறையாகக் கேட்டார்கள். ஆட்டத்தின் நடுவே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்பதால் இரண்டு முறை ஓடியதும் ஒவ்வொருவனும் பெஞ்சைப் பார்த்துக் கை காட்டினான். எதிரணிக்கு அது பெரிய உத்தியாகத் தெரிந்தது.

கோல்கீப்பரின் நாற்பத்தொன்றாம் எண் பச்சைச் சட்டைக்குப் பிளாஸ்திரி உதவாது. நிறம் மாறியே ஆக வேண்டும். பையில் இருந்தது கடையின் அரக்கு நிறச் சீருடைச் சட்டைதான். அதையே போட்டுக்கொண்டார். முதுகில் பிளாஸ்திரியால் நேராக ஒரு கோடு இழுத்து ஒட்டினேன். அது ஒன்று. கீழே முழுக்கால்சட்டை, அதற்குள் மருந்துக்கடை எலாஸ்டிக் கட்டு. அப்படியே மூன்றாவது மாடி ஆள். கழுத்தில் அளவுநாடாதான் இல்லை.

அந்தச் சட்டையில் அவர் பறந்தார். பாய்ந்து விழுந்து எழுந்து, பந்தைக் கையால் வாரி, புடவையை மடித்து ஓரம் வைப்பதுபோல அலட்சியமாக உருட்டிவிடுவார். செருப்புக்கடை, நகைக்கடை, ஒரு வங்கி, எல்லாவற்றையும் தாண்டி இறுதி ஆட்டத்துக்குப் போனோம். அங்கே எதிரில் நின்றது, எதிர்பார்த்தபடி, பாத்திரக்கடை. அண்டா குண்டான் தூக்கிப் பழகிய தோள்கள். கோல்கீப்பர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

“ஸ்டூலுக்கு மேல குஷன் போடுவாங்களா சார்?”

“மரமாத்தான் இருக்கும்.”

“பரவால்ல. இரும்புன்னா குளுரும், அதுக்குக் கேட்டேன்.”

இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்கும் முன். முதலாளி நல்ல நேரம் பார்த்து வந்ததால் இரண்டாம் பாதியில்தான் நுழைந்தார். கடையில் இருப்பதுபோலவே வெறுங்காலோடு வந்திருந்தார். தரையைப் பற்றியே கவலையாக இருந்த கிளப்காரர்கள் அவரை மிகவும் மரியாதையாக வரவேற்றார்கள். அவர் மேல்வரிசையில் என் பக்கத்தில் உட்காரவும், சின்னப் பையன் வலது ஓரத்திலிருந்து ஓர் உதை விட்டு எங்கள் நான்காவது கோலைப் போடவும் சரியாக இருந்தது. நாலு–ஒன்று. கூடம் அதிர்ந்தது. பையன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி ஓடினான்.

முதலாளி கை தட்டவில்லை.

“அது எவம்வே, ஏழுக்கு மேல?”

“நம்ம பையன்தான் முதலாளி. எண்பத்தாறு. ஆறை மறைச்சிருக்கு.”

“மறைச்சிருக்கா?” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முதுகாகப் பார்த்தார். “என் நம்பர் மேல பிளாஸ்திரி ஒட்டி வச்சிருக்கியளே, எவனுக்கு அடிபட்டிருக்கு?”

விதி என்றேன். நடுவர் என்றேன். ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னேன். அவர் அதற்குள் எழுந்து போய்விட்டார். கீழே பெஞ்சுக்குப் போய், தண்ணீர் குடிக்க ஓரமாக வந்த சின்னப் பையனைத் திருப்பி, முதுகிலிருந்த பிளாஸ்திரியைத் தன் கையாலேயே பிய்த்தார். நூலோடு வந்தது. நடுவர் விசிலடித்து ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

“சார், அத எடுத்தேள்னா அவன் ஆட முடியாது.”

“ஆடாண்டாம்.”

“எல்லாருக்கும் எடுத்தா தோத்துடுவேள்.”

“அந்த நம்பரைப் போட்டு ஜெயிக்கதுக்கு அஞ்சைப் போட்டுத் தோத்துக்கிடுதேன். என் கடைக்கு மூணு மாசத்துல பூட்டு விழணுமா? எடுங்கலே எல்லாரும்.”

கோல்கீப்பர் கோலை விட்டு ஓடி வந்தார்.

“மொதலாளி, இன்னும் அஞ்சு நிமிசந்தான் கீது. அது முடிஞ்சதும் நானே கிழிச்சுக் கையில குடுக்கறேன். தோ பாருங்க, அஞ்சு. உங்க நம்பர்தான்.”

நல்ல வாதம். நான் எழுதிய எந்த விளம்பரத்திலும் இவ்வளவு நல்ல வாதம் கிடையாது. முதலாளி அவரைப் பார்க்கவே இல்லை. பையன்களைத்தான் பார்த்தார். அவர்கள் அப்பாக்களை அவருக்குத் தெரியும். அவர் மெஸ்ஸில் அன்று காலை இட்லி சாப்பிட்டு வந்தவர்கள். ஒருவன் தன் முதுகுக்குக் கை எட்டாமல் அடுத்தவனிடம் திரும்பினான். அவன் பிய்த்தான். இவன் அவனுக்குப் பிய்த்தான். சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இருபத்துமூன்றும் முப்பத்திரண்டும் எழுபத்தேழும் முழுசாக நின்றன, கூட்டினால் ஐந்தாக.

நடுவர் ஜெராக்ஸைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அஞ்சு, பதினாலு. கோல்கீப்பர் ஒண்ணு. மூணு பேர் இருக்கேள். மூணு இருந்தா ரூல்ல இடம் இருக்கு.”

கோல்கீப்பர் முதுகிலும் பிளாஸ்திரிதான். ஆனால் அது கடைச் சட்டையின் மேல், எந்த ஐந்தையும் மறைக்காமல், வெறும் கோடாக இருந்தது. முதலாளி அதை விட்டுவிட்டார்.

மூன்று பேர் ஐந்து பேரை எதிர்த்து ஆடிய அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தை வர்ணிக்க எனக்குத் திறமை இல்லை. தள்ளுபடியை வர்ணித்துக் கெட்டுப்போன பேனா. ஐந்தும் பதினாலும் ஆளுக்கொரு பக்கம் நாக்கு தள்ள ஓடினார்கள். பந்து கோலைச் சுற்றியே நின்றது. கோல்கீப்பர் கையால், மார்பால், முகத்தால் தடுத்தார். ஒன்று உள்ளே போனது. இன்னொன்றும் போனது. நாலு–மூன்று. ஒரு முறை காலை நீட்டித் தடுத்தபோது ஈக்காட்டுத்தாங்கல் குழாய் டப்பென்று உடைந்த சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது. அடுத்த உதை பக்கவாட்டில் வந்து, காப்பு இல்லாத பின்னங்காலில், அந்தச் சுருண்ட நரம்பின் மேலேயே விழுந்து வெளியே போனது. ஆட்டம் முடிந்ததாக நடுவர் விசில் ஊதினார்.

எல்லாரும் கத்தினார்கள். அவர் மட்டும் கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார். கால்சட்டையில் கறுப்பாக ஓர் ஈரம் பரவியது. தரைக்குக் கறையாகிவிடப் போகிறது என்று கிளப் செயலாளர் துணியோடு ஓடினார்.

முதலாளி என் முதுகில் தட்டினார்.

“பாத்தியளா. அஞ்சும் பதினாலும். ரெண்டே பேரை வச்சு ஜெயிச்சுக் காட்டியாச்சு. ஜோதிடரு சும்மாவா சொன்னாரு?”

மூன்றாவது ஒருவர் இருந்ததைச் சொன்னேன்.

“அவன் கோல்ல நின்னான். நிக்கிறதுக்குத்தான சம்பளம் கொடுக்கோம்” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கோப்பையோடு படம் எடுத்தோம். முதலாளி நடுவில் நாற்காலியில், மற்றவர்கள் பின்னால் நின்றுகொண்டு. அரக்குச் சட்டை ஒத்துவரவில்லை என்று படம் எடுப்பவர் சொன்னதால் கோல்கீப்பருக்கு அந்தப் பச்சையைப் போட்டுவிட்டார்கள். நாற்பத்தொன்று அன்றுதான் முதல் முறையாக வெளிச்சம் கண்டது. தீபாவளி விளம்பரத்துக்கு ‘வெற்றியின் எண் ஐந்து’ என்று நான் தலைப்பு எழுதினேன். முதலாளிக்கு ரொம்பப் பிடித்தது. எனக்கு ஒரு மின்விசிறி போட்டுக்கொடுத்தார்.

ஸ்டூலும் வந்தது. மரம்தான், இரும்பு இல்லை. ஒன்றுதான் வந்தது. இன்னொன்று அடுத்த வாரம் என்றார்கள். மூன்றாவது மாடியில் கொண்டுவந்து வைத்த அன்றே கோப்பையும் மேலே வந்தது. பட்டு வாங்க வருகிறவர்கள்தான் பெரிய இடத்து மனிதர்கள், அவர்கள் கண்ணில் படட்டும் என்று முதலாளி எண்ணம். கோப்பையைத் தரையில் வைக்க முடியுமா? கண்ணாடி ஷோகேஸ் செய்யச் சொல்லியிருக்கிறது, வரும் வரை ஸ்டூல்மேல் இருக்கட்டும் என்றார்கள். பச்சைப் பட்டு விரித்து அதன்மேல் வைத்தார்கள். தினம் காலையில் மேற்பார்வையாளர் அதற்கும் ஓர் ஊதுவத்தி காட்டினார். பக்கத்தில் கோல்கீப்பர் நின்றார். காலில் பெரிய கட்டு. புடவை பார்க்க வந்தவர்கள் கோப்பையை விசாரித்தால் அவரேதான் விளக்கம் சொல்ல வேண்டும்.

“ஃபுட்பால்ல ஜெயிச்சதும்மா. மொதலாளி டீமு.”

தீபாவளி போனது. ஷோகேஸ் வரவில்லை. இரண்டாவது ஸ்டூலைப் பற்றி யாரும் பேசவில்லை. மழை பெய்த ஒரு மத்தியானம், மாடியில் ஈ காக்காய் இல்லை. அவர் கோப்பையை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கி வெள்ளை விரிப்பில் வைத்தார். பச்சைப் பட்டை மடித்து அதன் பக்கத்தில் வைத்தார். உட்கார்ந்தார்.

மேற்பார்வையாளர் பார்த்துவிட்டுக் கீழே போய்ச் சொன்னார். கூப்பிட்டு அனுப்பினார்கள். குடத்தண்ணீர் குடிக்கப் போயிருந்த நான் கல்லாப்பக்கம் நின்று கேட்டேன்.

“சாமி மாதிரி வச்சிருக்கேன். அதை எறக்கித் தரையில வச்சிட்டு நீ உக்காந்தியா?”

“நீங்க சொன்ன ஸ்டூலுதான மொதலாளி.”

“சொன்னேன். இல்லைங்கல. அடுத்தது வரும்போது உக்காரு.”

“எப்போ வரும்?”

“அதை நான்லா சொல்லணும்.”

கோல்கீப்பர் அங்கேயே, அத்தனை பேர் முன்னிலையில், அரக்குச் சட்டையின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை இரண்டு கை சேர்த்து, காலர் மடித்து, விற்பனைக்கு வைப்பதுபோல மடித்துக் கல்லாவின் மேல் வைத்தார். முதுகில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடம் துவைத்தும் போகாமல் கோடாகத் தெரிந்தது. முதலாளி தடுக்கவில்லை. மடிப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

நான் அறைக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் அவர் பனியனோடு நாலாவது மாடிக்கு வந்தார், சாப்பாட்டு டப்பா என் அறையில் இருந்ததால். நான் எழுந்து என் நாற்காலியைத் தள்ளினேன்.

“வேணாம் சார். பஸ்ஸுல எடம் கிடைக்கும்.” டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். “ரெண்டு நிமிசம் உக்காந்தேன். அந்த ஸ்டூலு ஆடுது சார். ஒரு காலு குட்டை. அது மேல கப்பு எப்டி நிக்குதுன்னே தெர்ல.”

மறுநாள் மூன்றாவது மாடிக்குப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். கோப்பை மறுபடி ஸ்டூல்மேல் ஏறியிருந்தது, புது மாலையோடு. குட்டைக் காலுக்கு அடியில் புடவைப்பெட்டி அட்டையை நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் எண்பத்தாறாம் எண் பையன் நின்றான். பட்டுக்கு மாற்றிவிட்டார்களாம், சம்பளம் கொஞ்சம் கூட என்றான். அப்படிச் சொல்லிக்கொண்டே வலது பாதத்தால் இடது பின்னங்காலைத் தேய்த்துக்கொண்டான்.